பின்பாரம்

எல்க் மலைக்குக் கிழக்கே காற்று அடிப்பதை யாரும் செய்தியாகச் சொல்வதில்லை. அடிக்காமல் நின்றால்தான் என்னவோ ஏதோ என்று வெளியே வந்து பார்ப்பார்கள். வெல்டா ராஸ்முசன் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. கொடியிலிருந்து பறந்த துணியைத் தேடி வேலி வேலியாக அவள் நடந்த தூரத்தைக் கூட்டினால் நெப்ராஸ்காவுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனாலும் அந்த மே மாதச் செவ்வாய்க்கிழமை காற்றை அவள் காலையிலிருந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சமையலறைச் சன்னல் ஒவ்வொரு வீச்சுக்கும் தடதடத்தது. காற்றில் கவிழும் என்று நெடுஞ்சாலையில் காலி டிரெய்லர்களை இன்றைக்கு விடமாட்டார்கள், அவன் வரமாட்டான் என்று மூன்று தடவை நினைத்துக்கொண்டாள். நினைத்ததில் கொஞ்சம் ஆசையும் கலந்திருந்தது.

வர வேண்டியவன் மருமகன் ராய்ஸ். இந்தக் கொட்டிலில் அவனுடையது என்று மிஞ்சியிருக்கும் ஒரே குதிரையான மோசஸை ஏற்றிக்கொண்டு போக வருகிறான். வியாழக்கிழமை லாரமியில் வக்கீல் ஆபீசில் விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்து. அதற்குள் அவன் பொருள் ஒன்றுகூட இங்கே கிடக்கக்கூடாது என்று மகள் மார்னி கறாராகச் சொல்லிவிட்டாள்.

மார்னி சன்னலுக்கு முதுகைக் காட்டி மேசையருகே உட்கார்ந்து பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இடது காலை எதிர்நாற்காலியில் நீட்டியிருந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்புக்குப் பதிலாகப் பாதி தூரம் இரும்புதான். கைத்தடி மேசையில் சாய்ந்திருந்தது. முப்பத்தொரு வயதில் கைத்தடி.

"அவன் வந்தா நான் வெளிய வரமாட்டேன். நீயே பாத்து அனுப்பிடு" என்றாள்.

வெல்டா சரி என்றாள். அடுப்பில் காப்பியைத் திரும்பச் சூடாக்கினாள். இரண்டு கோப்பை. கணவன் ஹார்லன் போனபிறகு ஆறு வருஷம் அந்த மேசையில் ஒரே கோப்பைதான் இருந்தது. போன அக்டோபருக்கு அப்புறம்தான் இரண்டானது. எப்படி இரண்டானது என்பதை நினைத்தால் அவளுக்குக் காப்பி இறங்காது. ஆனாலும் இரண்டாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் மனசு ஆசைப்பட்டது. பெற்ற மனசுக்கு வெட்கம் கிடையாது.

அக்டோபரில் நடந்ததை ஊரில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். ராய்ஸும் மார்னியும் இந்த வீட்டில் நான்கு நாள் தங்கி, கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்து ஓட்டிக்கொடுத்துவிட்டு, பிக்கப்பின் பின்னால் மாட்டிய டிரெய்லரில் இரண்டு குதிரைகளோடு ராலின்ஸில் இருக்கும் தங்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். முன்தடுப்பில் மோசஸ், அதற்கடுத்து மார்னியின் பெண்குதிரை ஜூனிபர். ஆர்லிங்டன் தாண்டி இறக்கத்தில் டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது. ஆட்டம் பெரிதாகிப் பெரிதாகி, கடைசியில் பிக்கப்பையும் சேர்த்துச் சுழற்றிக் கவிழ்த்தது. பிழைக்காது என்று ஜூனிபரை அங்கேயே சாலையோரம் சுட வேண்டியிருந்தது. தப்பிய மோசஸ் வேறு டிரெய்லரில் ஏற மறுத்ததால் நடத்தியே இங்கே கொண்டுவந்தார்கள். மார்னியின் கால் நசுங்கியது. ராய்ஸ் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தான்.

மெதுவாகப் போ என்று தான் சொன்னதாகவும் அவன் கேட்கவில்லை என்றும் மார்னி சொன்னாள். ஆட்டம் கண்டதும் அவன் பிரேக்கைப் போட்டு மிதித்தான், அதனால்தான் புரண்டது என்றாள். டிரெய்லர் வாலாட்டும்போது பிரேக்கை மிதிப்பது எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. காலை மிதியிலிருந்து எடுக்க வேண்டும், ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும், டிரெய்லருக்கென்று தனியாக இருக்கிற பிரேக்கைக் கையால் மெல்ல இறுக்க வேண்டும். இது ராய்ஸுக்குத் தெரியாததில்லை. மாவட்டத்தில் பாதிப் பேருக்கு அவன்தான் சொல்லிக்கொடுத்தவன். அப்படிப்பட்டவன் ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், மிதித்தாயா என்று மார்னி கேட்டதற்கு, "தெரியல மார்னி. மிதிச்சிருப்பேனோ என்னவோ" என்றான். வேறொருவனாக இருந்தால் இல்லை என்று அடித்துச் சொல்லியிருப்பான். இவனுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. அந்த ஒரு வார்த்தையில் அவன் குடும்பம் போயிற்று. நடக்கத் தெம்பு வரும்வரை என்று அம்மா வீட்டுக்கு வந்த மார்னி, நடக்க ஆரம்பித்த பிறகும் திரும்பிப் போகவில்லை.

ஊர் சொல்கிற கதையில் ஒரு சின்ன விஷயம் கூடுதலாக வரும். சாலையோரப் பள்ளத்தில் ஒரு ஃப்ரீசர் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது, வெள்ளைத்தாளில் சுற்றிய மாட்டிறைச்சியைக் காக்கைகள் ஒரு வாரம் தின்றன என்பார்கள். பிக்கப்பிலிருந்து விழுந்தது என்று போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். எல்லோரும் அப்படியே நம்பினார்கள்.

அது பிக்கப்பில் இல்லை.

இந்தப் பக்கத்தில் யார் வீட்டிலிருந்தும் யாரும் வெறுங்கையோடு கிளம்பிவிட முடியாது. வெல்டா வீட்டில் அது கொஞ்சம் அதிகம். கேட்டால் மகள் வேண்டாம் என்பாள், அதனால் அவள் கேட்பதே இல்லை. சீட்டுக்கு அடியில் ஊறுகாய் இருக்கும், சேணப்பைக்குள் வெண்ணெய் இருக்கும். வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றாகக் கண்டெடுத்துவிட்டு மார்னி போனில் திட்டுவாள். அந்தத் திட்டைக் கேட்பதற்காகவே வெல்டா போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அக்டோபரில் பாதி மாடு வெட்டி வைத்திருந்தது. பிக்கப்பில் வைக்கோல் கட்டுகள் நிறைந்துவிட்டன. மார்னி குளித்துக்கொண்டிருந்தாள், ராய்ஸ் டயருக்குக் காற்று அடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தான். வெல்டாவும் வேலையாள் ஆர்வலும் கைவண்டியில் ஃப்ரீசரை உருட்டிப் போய், டிரெய்லரின் பின்கோடியில் சேணம் மாட்டுகிற பின்னறைக்குள் ஏற்றினார்கள். மேலே இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு. மாட்டுக்கு நக்கப்போடும் உப்புக்கட்டி நான்கு. ஆர்வல் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டுத் தன் அக்காவோடு இருக்க நெப்ராஸ்காவுக்குப் போய்விட்டான்.

அதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. வைக்கோல் வண்டிக்கு நான்கு மூலையிலும் சக்கரம், பாரத்தை எங்கே வைத்தால் என்ன? அவள் வாழ்நாள் முழுக்க ஓட்டியது அந்த வண்டிதான். சக்கரம் நடுவில் இருக்கிற டிரெய்லர் ஹார்லன் சமாச்சாரம். அவன் போனபிறகு வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் சமாச்சாரம்.

தெரியவந்தது ஏப்ரல் கடைசியில். மாவட்ட மைதானக் கொட்டகையில் பண்ணைக்காரர்களின் வசந்தக் கூட்டம். மிளகாய் போட்ட பீன்ஸ் கறியும் பட்டை ரொட்டியும் பரிமாற வழக்கம்போல வெல்டாவைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒருபக்கம் சாப்பாடு நடக்க, மறுபக்கம் விவசாய அலுவலர் மேசைமேல் ஓடுகிற பட்டை ஒன்றை வைத்து, அதன்மேல் பொம்மைப் பிக்கப்பையும் டிரெய்லரையும் ஓடவிட்டார். டிரெய்லருக்குள் பித்தளை எடைக்கற்கள். கல்லை முன்னால் வைத்து டிரெய்லரை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு நேரானது. அதே கல்லைப் பின்கோடிக்கு நகர்த்தினார். அதே விரலால், அதே தட்டு. வால் ஆடியது. அடுத்த ஆட்டம் இன்னும் பெரிதாக ஆடியது. நான்காவது ஆட்டத்தில் பிக்கப்பை இழுத்துக்கொண்டு குப்புற விழுந்தது.

சாப்பிட்டவர்கள் சிரித்தார்கள். "இது நம்ம ராய்ஸ் வண்டியாச்சே" என்றான் யாரோ ஒருவன். வெல்டா கரண்டியோடு நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவள் முகத்தைப் பார்த்து, மருமகனைச் சொன்னதில் வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் அடுத்த தட்டில் கறியை ஊற்றினாள். அதற்கடுத்த தட்டிலும் ஊற்றினாள். நாற்பது தட்டு மிச்சமிருந்தது. எல்லாவற்றுக்கும் ஊற்றிவிட்டு, வண்டியில் வந்து உட்கார்ந்து, சாவியைப் போடாமல் அரைமணி நேரம் அப்படியே இருந்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். வெல்டா பாதி மாட்டையே நான்கு வாரம் மறைத்து வைத்திருந்தாள். இன்றைக்குச் சொல்லலாம் என்று எழுவாள். மார்னி ராத்திரி தூங்கவில்லை என்பாள், சரி, நாளைக்கு. மார்னி அன்றைக்குக் கொஞ்சம் சிரித்துவிடுவாள், சரி, இதைக் கெடுப்பானேன். சொன்னால் மகள் எழுந்து போய்விடுவாள். சொல்லாவிட்டால் வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டு இங்கேயே இருப்பாள். மனசாட்சி ஒருபக்கம், இரண்டாவது கோப்பை ஒருபக்கம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்தது. குறுகுறுப்போடே அவள் ரொட்டி சுட்டாள், தாயில்லாக் கன்றுக்குப் புட்டியில் பால் கொடுத்தாள், வேலியைக் கட்டினாள்.

பதினோரு மணிக்கு ராய்ஸ் வந்துவிட்டான்.

பிக்கப்புக்குப் பின்னால் யாரிடமோ இரவல் வாங்கிய டிரெய்லர், இரண்டு குதிரை நிற்கக்கூடியது. நெடுஞ்சாலையை விட்டுவிட்டுப் பழைய சாலை வழியாக முப்பது மைல் வேகத்தில் ஊர்ந்து வந்திருக்கிறான். அதைச் சொல்லும்போதே தரையைப் பார்த்தான். ஆள் பாதியாகிவிட்டான். தொப்பி மட்டும் பழைய அளவில் இருந்தது. ராலின்ஸில் சுண்ணாம்புக்கல் ஆலையில் ராத்திரி வேலைக்குப் போகிறானாம். மோசஸை சனிக்கிழமை சந்தையில் விற்றுவிடுவதாகச் சொன்னான்.

"காப்பி குடிச்சிட்டு ஏத்தலாமே" என்றாள் வெல்டா.

"வேணாம் நார்... வேணாம், வெல்டா. காத்து இன்னும் ஏறும்." பெயர் சொல்லியே கூப்பிட்டுப் பழகிய தன் சொந்தத் தாயின் பெயர் வாய்வரை வந்துவிட்டதற்கு அவன் மன்னிப்புக் கேட்டான். அவன் சரியாகத் தூங்கி எத்தனை நாளாயிற்றோ.

மோசஸ் பாரமான ஆண்குதிரை. சுழன்றடிக்கிற காற்றில் காதை மடித்துக்கொண்டு வந்து, ஏறுபலகைக்கு முன்னால் நின்றுவிட்டது. அக்டோபருக்குப் பிறகு அது எந்த டிரெய்லரிலும் ஏறியதில்லை. ராய்ஸ் இழுக்கவில்லை, அதட்டவில்லை. கயிற்றைத் தளரவிட்டு, அதன் கழுத்தோடு கழுத்தாக நின்றான். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு கால் வைக்கும், எடுக்கும். "எனக்கும்தாண்டா" என்று அவன் அதனிடம் சொன்னது காற்றுக்கு நடுவில் வெல்டாவுக்குக் கேட்டது. கடைசியில் பெருமூச்சு விட்டுக்கொண்டு ஏறியது. இடதுபக்கத் தடுப்பில் கட்டினான். சாலை வலதுபக்கம் சரிந்திருக்கும், ஒற்றைக் குதிரை என்றால் ஓட்டுகிறவன் உட்காரும் அந்த இடப்பக்கம்தான் நிற்க வேண்டும்.

அப்புறம் சரிபார்க்க ஆரம்பித்தான். பிக்கப்போடு டிரெய்லரை இணைக்கிற கொண்டி, கொண்டிக்குள் குண்டு, பூட்டூசி, குறுக்கே போட்ட இரண்டு சங்கிலி, விளக்கு, டயர். ஒருசுற்று முடித்துவிட்டு மறுசுற்று வந்தான். காலியாக இருக்கிற பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தான், மூடினான், திரும்பத் திறந்து பார்த்தான்.  அக்டோபரில் பழைய டிரெய்லரின் பின்னறைக் கதவை மட்டும் அவன் திறக்கவில்லை. சேணத்தை அவனே மாட்டி, அவனே சாத்தியது, திறப்பானேன்?

அவள் உள்ளே போய், கட்டிவைத்திருந்த அட்டைப்பெட்டியை எடுத்து வந்தாள். ஒரு ரொட்டி, வறுத்த இறைச்சி, காட்டுச்செர்ரி ஜெல்லி ஆறு பாட்டில். கை தன்னால் செய்துவிட்ட வேலை.

ராய்ஸ் பெட்டியை வாங்கிக் கையில் தூக்கி எடை பார்த்தான். "பதினஞ்சு பவுண்டு இருக்குமா?" என்று கேட்டான். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டான். பிக்கப்பின் முன்சீட்டில் வைத்து, அது நகராதபடி சீட் பெல்ட்டை இழுத்துக் குறுக்கே மாட்டினான். ஒரு குழந்தையை உட்காரவைக்கிற மாதிரி பெல்ட்டைத் தட்டிப் பார்த்தான்.

அதற்குமேல் வெல்டாவால் முடியவில்லை.

"ராய்ஸ், அந்த ஃப்ரீசர் பிக்கப்ல இல்ல."

"எந்த ஃப்ரீசர்?"

"அக்டோபர்ல. பள்ளத்துல கெடந்துச்சே, அது. டிரெய்லர் பின்னறையில இருந்துச்சு. நான்தான் வச்சேன். நீ சாப்பிட்டுட்டிருந்தப்ப நானும் ஆர்வலும் ஏத்தினோம்."

அவன் திறந்த கதவைப் பிடித்தபடி நின்றான். காற்று கதவைப் பிடுங்கப் பார்த்தது.

"வேற என்ன இருந்துச்சு?"

"உருளைக்கெழங்கு ரெண்டு மூட்டை. உப்புக்கட்டி நாலு."

அவன் உதடு அசைந்தது. கூட்டிப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. "எழுநூறு பவுண்டு" என்றான். "சக்கரத்துக்குப் பின்னாடி எழுநூறு பவுண்டு."

பிக்கப்பின் படியில் உட்கார்ந்துவிட்டான். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான். அழுகிறானா, காற்றில் கண் கலங்குகிறதா என்று பிரிக்க முடியவில்லை. 

"கெளம்பினப்பவே வண்டி முன்ன லேசா இருந்துச்சு. காத்துன்னு நெனச்சேன். அம்பத்தஞ்சுல போனேன் வெல்டா, அதுக்கு மேல போகல. ஆட ஆரம்பிச்சதும் காலை எடுத்தேன். எடுத்த ஞாபகம் இருக்கு. அப்புறம் எல்லாரும் சொன்னாங்க. நாமதான் மிதிச்சிருப்போம், இல்லன்னா ஏன் பொரளும்னு எனக்கே ஆயிடுச்சு." தன் வலது பூட்ஸைப் பார்த்தான். "ஏழு மாசமா என் காலையே நான் நம்பல."

வெல்டா அவன் தோளைத் தொடப்போனாள். தொடவில்லை.

"தெரியாம செஞ்சுட்டேன்ப்பா."

"தெரியாமத்தான் செஞ்சீங்க. அதுல உங்களக் குத்தம் சொல்ல மாட்டேன். ஓட்டறவன் நான். பின்கதவைத் தெறந்து பாத்திருக்கணும். கொண்டிக்குப் பின்னால இருக்கறது அத்தனையும் ஓட்டறவன் பொறுப்பு." எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டான். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவளை நேருக்கு நேர் பார்த்தான். "இப்பதான் தோணுச்சா உங்களுக்கு?"

பொய் சொல்ல நல்ல இடம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வாயையும் திறந்தாள்.

"இல்ல. நாலு வாரமா தெரியும். கொட்டகையில பொம்மை வண்டி வச்சுக் காட்டினாங்க."

ராய்ஸ் கதவைச் சாத்தினான். சுற்றி வந்து ஓட்டுகிற பக்கக் கதவில் கைவைத்தான்.

"ஃப்ரீசர நீங்க தெரியாம வச்சீங்க" என்றான். "நாலு வாரம் தெரிஞ்சு வச்சிருக்கீங்க."

"ராய்ஸ்..."

"நான் அவகிட்ட சொல்லமாட்டேன். நான் சொன்னா, பழிய மாமியா தலையில கட்டறான்னுதான் அவ காதுல விழும். ஏழு மாசத்துல என் பேச்சு அந்த நெலமைக்கு வந்தாச்சு." கோபமே இல்லாமல் சொன்னான். கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஏறி உட்கார்ந்து, டிரெய்லர் பிரேக்கைக் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, நடைவேகத்தில் கிளப்பினான்.

அவள் வீட்டுக்குள் வந்தாள். மார்னி பீன்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"போயிட்டானா?"

"போறான்."

"ஏறுச்சா?"

"நேரமாச்சு. ஏறிடுச்சு."

"ஜூனிபர் இருந்தா அது பின்னாலயே ஏறியிருக்கும். அது இல்லாம மோசஸ் எங்கயும் போனதில்ல" என்றாள் மார்னி. சொல்லிவிட்டுத் தண்ணீரை வடித்தாள்.

சன்னல் வழியாக ஒரு மைல் தூரத்துக்கு மண்சாலை தெரியும். அதன் கோடியில், வேலியும் சாலையும் சேருமிடத்தில், மாடு தாண்டாதபடி குழியின்மேல் இரும்புக் குழாய்களைப் பரப்பிய கம்பிப்பாலம். ராய்ஸ் அங்கே நிறுத்துவான் என்று வெல்டாவுக்குத் தெரியும். பாரம் ஏற்றினால் முதல் மைலில் இறங்கி, கொண்டி அமர்ந்திருக்கிறதா, சக்கரக்குடம் சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பது அவன் வழக்கம். ஹார்லனும் அப்படித்தான் செய்வான். பத்து நிமிஷம் ஆகும். நின்றது. சின்னதாக ஒரு ஆள் இறங்கினான்.

பத்து நிமிஷம். நான்கு வாரத்தைத் தள்ளிப்போட்டவளுக்கு இந்தப் பத்து நிமிஷத்தையும் தள்ளிப்போடத் தெரியாதா? தெரியும். சிங்க்கைத் துடைக்கலாம், கன்றுக்குப் பால் கலக்கலாம், நிமிர்ந்து பார்த்தால் சாலை காலியாக இருக்கும். துடைக்கும் துணியைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள்.

"மார்னி, அந்த ஃப்ரீசர நான் டிரெய்லர் பின்னறையில வச்சேன்" என்றாள்.

இந்தத் தடவை எளிதாக இருக்கும் என்று நினைத்தாள், ஒருதரம் சொல்லிப் பார்த்தாயிற்றே. இருக்கவில்லை. உருளைக்கிழங்கையும் உப்பையும் சொன்னாள். பின்பாரம் ஏறினால் வால் ஆடும், ஓட்டுகிறவன் என்ன செய்தாலும் அந்த இறக்கத்தில் அது அடங்கியிருக்காது, அவன் காலை எடுத்துத்தான் இருந்தான் என்று எல்லாவற்றையும் துணியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

மார்னி பீன்ஸ் சட்டியை அடுப்பில் வைத்தாள். நெருப்பு மூட்டவில்லை.

"எப்ப தெரியும் உனக்கு?"

அவனும் இதைத்தானே கேட்டான் என்று நினைத்தாள் வெல்டா. பாரத்தைப் பற்றி ஒருவரும் பெரிதாகக் கேட்கவில்லை. "ஏப்ரல் கடைசியில."

"மே மூணாந்தேதி நான் வக்கீலுக்குப் போன் பண்ணினேன். இதே மேசையில உக்காந்து. நீ அங்க நின்னு மாவு பெசஞ்சிட்டிருந்த."

"ஆமா."

"போன வச்சதும் நான் அழுதேன். நீ என் தலையைத் தடவிக் குடுத்த."

"ஆமா."

"சொல்லியிருக்கலாம்மா அப்ப."

"நீ போயிடுவேன்னு பயமா இருந்துச்சு."

மார்னி அம்மாவை ரொம்ப நேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று வெல்டா காத்திருந்தாள். வெண்ணெய்க்கும் ஊறுகாய்க்கும் போனில் திட்டுவாளே, அப்படி. ஒரு திட்டு வந்தால் பிழைத்துக்கொள்ளலாம். வரவில்லை.

"அவன்கிட்ட நான் என்னெல்லாம் சொன்னேன் தெரியுமா?" என்றாள் மார்னி. "ஜூனிபர நீதான் கொன்னேன்னு சொன்னேன். கட்டில்ல கெடந்தவன்கிட்ட. அவன் ஆமான்னான்."  கைத்தடியை எடுத்தாள். அப்போதுதான் திரும்பிச் சன்னலைப் பார்த்தாள். கம்பிப்பாலத்தருகே டிரெய்லர் இன்னும் நின்றுகொண்டிருந்தது. ராய்ஸ் சக்கரத்தருகே குனிந்திருந்தான்.

ஆணியில் மாட்டியிருந்த அம்மாவின் பிக்கப் சாவியை எடுத்தாள். ஓட்டுவதற்கு வலது கால் போதும்.

"கோட்டப் போட்டுக்கோ. காத்து" என்று வெல்டா ஆணியிலிருந்து கோட்டை எடுத்து நீட்டினாள்.

"எதையும் குடுக்காதம்மா" என்றாள் மார்னி. சத்தம் போடவில்லை. கதவைக் காற்று பிடுங்கிக்கொள்ளாமல் இரண்டு கையாலும் இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

வெல்டா கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சன்னலருகே நின்றாள். பிக்கப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. இரண்டு உருவமும் நின்று பேசின. பேசியது பெரும்பாலும் மார்னிதான். கைத்தடி ஒருதடவை கீழே விழுந்தது, அவன் எடுத்துக் கொடுத்தான். கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. காற்றுக்கு மறைவாக டிரெய்லரின் அண்டையில் போய் நின்றார்கள், அதற்கப்புறம் எதுவும் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து டிரெய்லர் நகர்ந்தது. கம்பிப்பாலத்தைத் தாண்டி, பழைய சாலையில் திரும்பி, வால் ஆடாமல், நேராக மெல்லப் போய் மேட்டுக்கு அப்பால் இறங்கியது. பிக்கப் நின்ற இடத்திலேயே நின்றது.

திரும்பி வருவாள் என்று வெல்டா ஒரு மணி நேரம் பார்த்தாள். கன்றுக்குப் பால் கொடுத்தாள். பீன்ஸை அடுப்பேற்றினாள், இரண்டு பேர் அளவு. அப்புறம் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு நடந்தாள்.

எதிர்காற்று. ஒரு மைல் போக முக்கால் மணி நேரம் பிடித்தது. மூச்சு வாங்க இரண்டு இடத்தில் வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்களுக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமை கையெழுத்து விழுமா விழாதா, மோசஸ் சந்தைக்குப் போகுமா போகாதா, இனி யார் போன் பண்ணிச் சொல்லப்போகிறார்கள்? அவர்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கட்டும் என்று மனதாரத்தான் நினைத்தாள். அப்படி நினைத்தும் அழுகை நிற்கவில்லை.

பிக்கப்பைக் காற்றுக்கு முகம் காட்டித் திருப்பி நிறுத்தியிருந்தார்கள், கதவு திறக்கும்போது பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்க. சாவி உள்ளேயே இருந்தது. பக்கத்துச் சீட்டில் அவளுடைய அட்டைப்பெட்டி. குறுக்கே சீட் பெல்ட் மாட்டியிருந்தது. திருப்பிக் கொடுத்தது மார்னியாக இருக்கும். பெல்ட்டை மாட்டியது அவன்தான், அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

வெல்டா ஏறி உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். ரொட்டி இருந்தது. இறைச்சி இருந்தது. காட்டுச்செர்ரி ஜெல்லி என்றால் மார்னிக்குச் சின்ன வயசிலிருந்தே உயிர், விரல்விட்டு நக்குவாள். வெல்டா பாட்டில்களை எண்ணினாள். வெளியே எடுத்து மடியில் வைத்து இன்னொரு தடவை எண்ணினாள்.

ஆறும் இருந்தன.

ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே வைத்து மூடினாள். வண்டியைத் திருப்பி வீட்டைப் பார்க்க ஓட்டினாள். பின்காற்று தள்ளிக்கொண்டு வந்தது. பெட்டி வீடுவரை இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.